டாம்டாம்ல இருந்து கார்மினுக்கு மாறப் போறீங்களா? என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்களும் பதிலும்

நான் இங்கிலாந்துல கென்ட் பக்கம் இருக்கேன். வீடு வீடா போய் வயசானவங்களைப் பாத்துக்கற கேர் வேலை, ஒரு நாளைக்கு எட்டு பத்து வீடு, எல்லாமே கார்லதான். கார்ல வழி சொல்ற பெட்டி இருக்கே, சாட்நேவ், அதுல எட்டு வருஷமா டாம்டாம் கம்பெனியோடதை வச்சு ஓட்டினேன், ரெண்டு வருஷம் முன்னாடி தம்பி ஒரு கார்மின் டிரைவ்ஸ்மார்ட் வாங்கிக் குடுத்தான், அதுல இருந்து அதுதான். கூட வேலை பாக்கறவங்க, கோயில்ல பாக்கறவங்கன்னு மாறப் போற எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு மொத்தமா எழுதி வச்சா எல்லாருக்கும் ஆகும்னு இதை எழுதறேன்.

போன்லயே கூகுள் மேப் இருக்கே, தனியா சாட்நேவ் எதுக்கு அக்கா?

உங்களுக்கு போன் போதும்னா போன் வச்சுக்கோங்க, தப்பே இல்ல. ஆனா வண்டி ஓட்டறதே வேலையா இருக்கறவங்களுக்கு நான் தனிப் பெட்டிதான் சொல்வேன். முதல் காரணம் சட்டம். இங்க ஓட்டும்போது போனைக் கையில எடுத்தா 200 பவுண்ட் ஃபைனும் லைசன்ஸ்ல 6 பெனால்டி பாயிண்ட்டும், 2017 மார்ச்ல இருந்து இந்தக் கணக்கு, 2022ல இன்னும் இறுக்கிட்டாங்க, சிக்னல்ல நிக்கும்போது எடுத்து ஸ்க்ரால் பண்ணாலும் மாட்டுவீங்க. லைசன்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கு 6 பாயிண்ட் வந்தா லைசன்ஸே போயிடும், நம்ம ஊர்ல இருந்து புதுசா வந்து இங்க லைசன்ஸ் எடுத்த பசங்க இதைத் தெரிஞ்சுக்கணும். போனை ஸ்டாண்டுல மாட்டி வச்சா சட்டப்படி சரிதான், ஆனா கால் வரும், மெசேஜ் வரும், கை தன்னால அங்க போகும். அப்புறம் லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து மலைப்பக்கம் எல்லாம் போனா நெட்வொர்க் இருக்காது, சாட்நேவ்ல மேப் முழுசும் உள்ளயே இருக்கறதால அது பாட்டுக்கு ஓடும்.

ரெண்டுலயும் இருக்கறது ஒரே மேப்தானா? பேரு மட்டும்தான் வேறயா?

இல்ல, மேப்பே வேற. டாம்டாம் 1991ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்ச கம்பெனி, கார்மின் 1989ல அமெரிக்காவுல கேரி பர்ரல், மின் காவ்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது, அவங்க பேரைச் சேத்துதான் கார்மின். 2007ல டெலி அட்லஸ்னு ஒரு மேப் கம்பெனியை வாங்க ரெண்டு பேருமே போட்டி போட்டாங்க, கார்மின் கூடுதலா கேட்டுச்சு, டாம்டாம் அதுக்கும் மேல ஏத்தி 290 கோடி யூரோன்னு போயி 2008ல வாங்கிடுச்சு. கார்மின் ஒதுங்கி, நாவ்டெக் மேப்போடயே இருந்துக்கிச்சு, அந்த நாவ்டெக்கை நோக்கியா வாங்கி அது பின்னாடி ஹியர்னு பேரு மாறுச்சு, 2015ல ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் மூணு பேரும் சேந்து நோக்கியாகிட்ட இருந்து அதை வாங்கினாங்க.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, அன்னைக்கு நடந்த ஏலம்தான் இன்னைக்கு உங்க டாஷ்போர்டுல தெரியுது. ஒரே தெருவுக்கு ஒண்ணு இடது பக்கம் சுத்தி கூட்டிட்டுப் போகும், இன்னொண்ணு நேரா போகச் சொல்லும், ஒண்ணுல இருக்கற புது எஸ்டேட் இன்னொண்ணுல இருக்காது. எதுல தப்பு இருந்தாலும் சொல்ற இடமும் வேற, டாம்டாம்னா மேப் ஷேர்ல சொல்லணும், கார்மின் வச்சிருந்தா ஹியர்கிட்ட சொல்லணும். சொல்லுங்க, நம்ம தெருவை நம்மளை விட யாருக்குத் தெரியும்.

நான் சேவ் பண்ணி வச்ச இடமெல்லாம் புதுசுல வந்துடுமா?

தானா வராது. இதைத்தான் எல்லாரும் மாத்தினதுக்கு அப்புறம் கேக்கறாங்க, முன்னாடி கேக்கணும். புதுப் பெட்டியில அக்கவுண்ட் ஓப்பன் பண்ணா பழசுல இருந்ததெல்லாம் வந்துடும்னு போன் மாத்தற மாதிரி நெனச்சுக்கறாங்க, இது ரெண்டு வேற கம்பெனி, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது.

பழைய டாம்டாம்ல இடங்களெல்லாம் ஓவி2னு ஒரு ஃபைல் வகையில இருக்கும், ரூட்டெல்லாம் ஐடிஎன் ஃபைல். கார்மின் எடுத்துக்கறது ஜிபிஎக்ஸ். நடுவுல மாத்திக் குடுக்க ஜிபிஎஸ்பேபல்னு இலவசமா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஓவி2வைக் குடுத்து ஜிபிஎக்ஸா வாங்கிக்கலாம். கூட வேலை பாக்கற ஒரு அண்ணனோட நூவின்ற பழைய கார்மின் மாடலுக்கு இப்படித்தான் பண்ணோம், ஜிபிஎக்ஸை எடுத்து பெட்டிக்குள்ள கார்மின்னு இருக்கற ஃபோல்டருக்குள்ள ஜிபிஎக்ஸ்னு இருக்கற ஃபோல்டர்ல போட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம், எல்லாம் சேவ்டுல வந்து உக்காந்துடுச்சு. நூத்துக்கணக்குல இடம் இருந்தா இடங்களை மொத்தமா ஏத்த கார்மினோட பிஓஐ லோடர்னு சாஃப்ட்வேர் இருக்கு, அது சிஎஸ்வி ஃபைலையும் எடுத்துக்கும், எக்செல்ல லிஸ்ட் வச்சிருக்கறவங்களுக்கு நல்லது. அதுல போடும்போது ஒண்ணு பாத்துக்கோங்க, லாங்கிட்யூட் முதல்ல, லாட்டிட்யூட் ரெண்டாவது, மாத்திப் போட்டா டார்ட்ஃபோர்டுல இருக்கற வீடு ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல போய் நிக்கும்.

எனக்கு இருந்தது அறுபது இடம்தான். நான் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நோட்டை வச்சுக்கிட்டு பழசைப் பாத்து எழுதி புதுசுல ஒண்ணொண்ணா கையாலயே ஏத்தினேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுல ஒரு நல்லதும் நடந்துச்சு, இனி போகவே தேவையில்லாத இருபது விலாசம் கழிஞ்சுபோச்சு. நூறுக்குள்ள இருந்தா கையாலயே பண்ணுங்க, கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டற நேரத்துக்கு முடிஞ்சுடும். ஹைகேட் முருகன் கோயில், ஈஸ்ட்ஹாம்ல நாம சாமான் வாங்கற கடை, டாக்டர், பசங்க ஸ்கூல், இதெல்லாம் முதல்ல.

பழகறதுக்கு எத்தனை நாள் ஆகும்?

ரெண்டு வாரம். கண்ணுக்கு நாலு நாள் போதும், காதுக்குத்தான் ரெண்டு வாரம்.

நான் இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுலதான் ஆபத்து இருக்கு. ஒரே பெட்டியை வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு ஓட்டினா, "திரும்பு"ன்ற சொல்லு வந்து எத்தனை நொடியில ஸ்டியரிங்கைத் திருப்பணும்னு உடம்புக்கே தெரிஞ்சுடும், நாம யோசிக்கறதில்ல. புதுப் பெட்டி அதே சொல்லை வேற நேரத்துல சொல்லும், கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ, வண்டி வேகத்தைப் பொறுத்தும் மாறும். நான் மாத்தின முதல் வாரமே ஏ2 ரோட்டுல வேகமா வந்துட்டிருந்தேன், அது சொன்னதும் பழைய பழக்கத்துல ஒரு எக்ஸிட் முன்னாடியே இறங்கிட்டேன், அதுல ஒரு பாட்டிக்கு மாத்திரை குடுக்கற நேரம் இருபது நிமிஷம் தள்ளிப்போச்சு. பெட்டி சரியாத்தான் சொல்லுச்சு, என் காதுதான் பழைய கணக்குல இருந்துச்சு. ரவுண்டபௌட்ல இன்னும் மோசம், மூணாவது எக்ஸிட்னு சொன்னா அது சின்ன சர்வீஸ் ரோட்டை எக்ஸிட்டா எண்ணுதா இல்லையான்னு மேப்புக்கு மேப் மாறும், அதனால எண்ணிக்கையைக் கேக்கறதோட ஸ்க்ரீன்ல இருக்கற அம்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னும் பாருங்க.

அதுக்கு நான் சொல்ற வழி இதுதான். முதல் ரெண்டு வாரம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ரோட்டுலயே அதை ஆன் பண்ணி வச்சு ஓட்டுங்க. வேலைக்குப் போற வழி, கோயிலுக்குப் போற வழி. வழி உங்களுக்கே தெரியும்ன்றதால அது எப்ப சொல்லுது, எப்படிச் சொல்லுதுன்னு மனசு அதைக் கவனிக்கும். வாங்கின அன்னைக்கே எடுத்துட்டு மான்செஸ்டர் போறேன்னு கிளம்பாதீங்க, தயவுசெஞ்சு.

ஸ்க்ரீனைப் பத்திச் சொல்லணும்னா, டாம்டாம்ல வலது ஓரத்துல ஒரு ரூட் பார் நின்னுக்கிட்டே இருக்கும், முன்னாடி எங்க ட்ராஃபிக், எங்க கேமரா, எங்க பெட்ரோல் பங்க்னு மேல இருந்து கீழ வரும், அது இல்லாம மொத வாரம் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும். கார்மின்ல அதுக்கு பதிலா சில இடத்துல "சர்ச்சைத் தாண்டி வலது பக்கம் திரும்பு"ன்னு கட்டடத்தை அடையாளம் வச்சுச் சொல்லும். நம்ம ஊர்ல டீக்கடைக்காரர்கிட்ட வழி கேட்டா அரசமரத்தைத் தாண்டி திரும்பு தம்பின்னு சொல்வாரே, அது மாதிரி. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

பழைய சார்ஜர், பழைய ஸ்டாண்ட் சேருமா?

ஸ்டாண்ட் சேராது, கார்மின்ல 17 மில்லிமீட்டர் உருண்டையில மாட்டற மாதிரி இருக்கும், டாம்டாம்ல மாட்டறது வேற அமைப்பு.

சார்ஜர்ல கவனம். நூவி மாதிரி பழைய கார்மின்ல மினி யூஎஸ்பி ஓட்டை, அதுல சாதாரண மினி யூஎஸ்பி கேபிளைச் சொருகினா கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு மேப்பைக் காட்டாம நின்னுடும். பீஸ் போச்சுன்னு திருப்பிக் குடுக்கப் போனவங்களைப் பாத்திருக்கேன். அதோட கூட வந்த கார் சார்ஜர்ல உள்ள வயரிங்கே வேற, அதைத்தான் போடணும். இன்னொண்ணு, சில மாடல்ல ட்ராஃபிக் வாங்கற ரிசீவரே அந்த கேபிளுக்குள்ளதான் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது கேபிள் இல்லாம வாங்கினா ட்ராஃபிக்கும் இல்லாமதான் வாங்கறீங்க. டிரைவ்ஸ்மார்ட் 66, 76, 86ல யூஎஸ்பி சி, அங்க இந்தத் தொல்லை இல்ல.

பெட்டியில இருந்து எடுத்ததும் சாட்டிலைட்டே கிடைக்கல, திருப்பிக் குடுத்துடவா?

அவசரப்படாதீங்க. வெளிய, வானம் தெரியற இடத்துல, வண்டியை நிறுத்தி வச்சு கால் மணி நேரம் விடுங்க. எந்த சாட்டிலைட் எங்க இருக்கும்னு சொல்ற மொத்தப் பட்டியலும் வந்து சேரவே 12.5 நிமிஷம் ஆகும், 20,000 கிலோமீட்டர் மேல இருந்து ரொம்ப மெதுவா வர்ற சேதி அது. ஒரு தடவை வாங்கிட்டா அடுத்த தடவைல இருந்து சீக்கிரம் புடிச்சுக்கும்.

அதுக்கப்புறமும் கிடைக்கலன்னா உங்க கார் கண்ணாடியைப் பாருங்க. சில கார்ல வெயில் தாங்கறதுக்கோ பனி உருகறதுக்கோ விண்ட்ஸ்க்ரீன்ல மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலை மறைக்கும். உள்கண்ணாடி பக்கத்துல பூச்சு இல்லாத ஒரு இடம் விட்டிருப்பாங்க, காரோட புத்தகத்துல போட்டிருக்கும்.

எங்க மாட்டணும்?

பார்வையை மறைக்காத இடத்துல. நமக்கு வலது பக்க ஸ்டியரிங், விண்ட்ஸ்க்ரீனோட வலது கீழ் மூலை நல்ல இடம். நட்ட நடுவுல உயர வச்சு ஓட்டறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது, ரோட்டைக் கடக்கற ஒரு குழந்தை அந்தப் பெட்டி அளவுதான் தெரியும்.

லைஃப்டைம் மேப்னு போட்டிருக்கே, யாரோட லைஃப்டைம்?

உங்க ஆயுசு இல்ல, பெட்டியோட ஆயுசு. கம்பெனி அந்த மாடலுக்கு சப்போர்ட் குடுக்கற வரைக்கும்னுதான் ரெண்டு பேரோட விதியிலயும் இருக்கு. டாம்டாம் 2018ல பழைய மாடல் பலதுக்கு இனி மேப் வராதுன்னு சொல்லிடுச்சு, உள்ள இடம் பத்தலன்னு காரணம். கார்மின்லயும் பெட்டி ஓடற காலம் வரை, இல்லன்னா மேப் குடுக்கறவங்க குடுக்கற காலம் வரை, எது சின்னதோ அதுதான். அதனால எவ்வளவு புது மாடலா வாங்கறீங்களோ அவ்வளவு வருஷம் மேப் வரும்னு எடுத்துக்கோங்க.

அப்டேட் பண்றது எப்படி, எவ்வளவு நேரம்?

டாம்டாம்ல மைடிரைவ் கனெக்ட் வச்சுப் பண்ணியிருப்பீங்க, கார்மின்ல கார்மின் எக்ஸ்பிரஸ்னு கம்ப்யூட்டர்ல போட்டுக்கணும், புது மாடல்ல வீட்டு வைஃபையே போதும். மொத்த ஐரோப்பாவும் சேத்து பல ஜிபி வரும், கேபிள்ல போட்டா மணிக்கணக்குல ஓடும், நைட் சாப்பாட்டுக்கு உக்காரும்போது போட்டு விடுங்க, நடுவுல புடுங்காதீங்க. உள்ள இடம் பத்தாதுன்னு சொன்னா மைக்ரோ எஸ்டி கார்டு ஒண்ணு போடலாம், இல்ல பிரிட்டன், அயர்லாந்து மட்டும் போதும்னு தேர்ந்தெடுத்துக்கலாம்.

கட்டாயம் பண்ணுங்க. 2025 ஏப்ரல் 7 அன்னைக்கு தேம்ஸ் அடியில சில்வர்டவுன் டனல் திறந்தாங்க, அதுக்கு முந்தின மேப்ல அந்த டனலே கிடையாது. அதே நாள்ல இருந்து பக்கத்துல இருக்கற பிளாக்வால் டனலுக்கும் காசு, காலைல 6 மணில இருந்து ராத்திரி 10 வரை.

டோலைத் தவிர்னு பழசுல போட்டிருந்தேன், புதுசுலயும் போடலாமா?

கென்ட்ல இருக்கறவங்க யோசிச்சுப் போடுங்க. அந்த செட்டிங் புதுசுக்குத் தானா வராது, நீங்கதான் அவாய்டன்ஸ்னு இருக்கற இடத்துல போய் வைக்கணும். போட்டுட்டா தேம்ஸைக் கடக்கற டார்ட்ஃபோர்ட் க்ராஸிங்கும் டோல்னு எடுத்துக்கிட்டு, எதிர்க்கரையில எசெக்ஸ்ல இருக்கற கிரேஸுக்குப் போக லண்டனைச் சுத்தி இருக்கற எம்25 ரோட்டை மறுபக்கமா முழுசா சுத்தச் சொல்லும், சில பவுண்டுக்குப் பாத்து மணிக்கணக்குல பெட்ரோலைக் கொட்டுவீங்க. போடலன்னா வேற ஒண்ணு, அங்க 2014ல இருந்தே காசு வாங்கற கூண்டு கிடையாது, கேட்டும் கிடையாது, நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க, அடுத்த நாள் நள்ளிரவுக்குள்ள ஆன்லைன்ல கட்டணும். ஊருக்குப் புதுசா வந்தவங்க இதுல மாட்டி ஃபைன் கடுதாசி வந்து முழிக்கறாங்க. அது மாதிரி லண்டனுக்குள்ள யூலெஸ், அதாவது புகை அதிகமா விடற வண்டிக்குக் காசு வாங்கற பகுதி, 2023 ஆகஸ்ட் 29ல இருந்து லண்டன் மொத்தமும் அதுக்குள்ளதான், பழைய டீசல் வண்டின்னா நாளைக்கு 12.50 பவுண்ட். சாட்நேவ் உங்க வண்டி எந்த வருஷ இஞ்சின்னு பாத்து இதையெல்லாம் சொல்லும்னு நம்பி இருக்காதீங்க, வண்டி நம்பரைப் போட்டு அரசாங்க வெப்சைட்லயே பாத்துக்கோங்க.

ட்ராஃபிக் எதுல நல்லா இருக்கு?

என் அனுபவத்துல டாம்டாம்ல. அவங்க 2008லயே ஐக்யூ ரூட்ஸ்னு கொண்டுவந்து, ஓட்டறவங்க நெஜமா எந்த ரோட்டுல எந்த நேரம் என்ன வேகத்துல போறாங்கன்னு சேத்து வச்சு அதுல ரூட் போட ஆரம்பிச்சுட்டாங்க, அந்தப் பழக்கம் தெரியுது. கார்மின்ல நல்ல ட்ராஃபிக் வேணும்னா போன்ல கார்மின் டிரைவ் ஆப் போட்டு ப்ளூடூத்ல சேக்கணும். போன் அப்டேட் ஆனதும் திடீர்னு ட்ராஃபிக் நின்னுச்சுன்னா அந்த ஆப்புக்கு லொகேஷன் பர்மிஷன் போயிருக்கான்னு முதல்ல பாருங்க.

போஸ்ட்கோட் போட்டும் வீட்டைத் தாண்டிப் போகுது, ஏன்?

பிரிட்டன் போஸ்ட்கோட் ஒண்ணுல சராசரியா பதினஞ்சு வீடு வரும், கிராமத்துல அந்தப் பதினஞ்சு வீடும் ஒரு மைலுக்குப் பரவியிருக்கும். போஸ்ட்கோட் மட்டும் போட்டு நிறுத்தாதீங்க, வீட்டு நம்பரும் போடுங்க. பண்ணை வீடுன்னா முதல் தடவை வாசல்ல நிக்கும்போதே அந்த இடத்தை சேவ் பண்ணிடுங்க, அடுத்த தடவை இருட்டுல போகும்போது அதுதான் கை குடுக்கும். அயர்லாந்துல இந்தக் கஷ்டம் இல்ல, 2015ல கொண்டுவந்த எயர்கோட் ஒரு வீட்டுக்கு ஒண்ணு.

ஃபிரான்ஸ் பக்கம் எடுத்துட்டுப் போனா கேமரா அலர்ட் வச்சுக்கலாமா?

பிரிட்டன்ல கேமரா இடம் காட்டறது சட்டப்படி சரி. ஃபிரான்ஸ்ல 2012ல இருந்து கேமரா இருக்கற இடத்தைத் துல்லியமா காட்டக்கூடாது, ஆபத்துப் பகுதின்னு ஒரு நீளமாத்தான் காட்டலாம், மீறினா 1,500 யூரோ வரை போகும். ஜெர்மனியில ஓட்டறவர் அந்த அலர்ட்டை உபயோகிக்கவே கூடாது, சுவிஸ்ல பெட்டியையே எடுத்துக்குவாங்க. சுவிஸ்ல சொந்தக்காரங்க வீட்டுக்குக் கார்ல போறவங்க நம்மள்ல நெறைய பேர் இருக்காங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே அதை ஆஃப் பண்ணிடுங்க.

டிரைவிங் டெஸ்டுக்கு என்னோட கார்மினைக் கொண்டு போகலாமா?

தேவையில்ல. 2017 டிசம்பர் 4ல இருந்து டெஸ்ட்ல சொந்தமா ஓட்டற பகுதியில பெரும்பாலும் சாட்நேவைப் பாத்து ஓட்டச் சொல்வாங்க, அதை எக்ஸாமினரே கொண்டு வந்து மாட்டிடுவார். 2017ல அதுக்குன்னு கொண்டுவந்தது டாம்டாம் ஸ்டார்ட் 52. வழி தப்பினா ஃபெயில் இல்ல, தப்பா ஓட்டினாத்தான் ஃபெயில். அதனால டெஸ்ட் குடுக்கப் போற பசங்க வீட்டுல இருந்தா டெஸ்ட் முடியற வரைக்கும் பழைய டாம்டாமைத் தூக்கிப் போடாதீங்க, அதுல பழகட்டும்.

பழைய பெட்டி தேதியும் நேரமும் தப்பா காட்டுது, யாராவது குடுத்தா வாங்கிக்கலாமா?

ஜிபிஎஸ்ல வாரத்தை 1,024 வரைக்கும்தான் எண்ணுவாங்க, அப்புறம் திரும்ப பூஜ்யம். கடைசியா 2019 ஏப்ரல் 6ல அப்படித் திரும்புச்சு, அதுக்கான அப்டேட் போடாத பெட்டிங்க தேதியில குழம்பிப்போச்சு, போய்ச் சேர்ற நேரமும் தப்பா வரும். அப்டேட் கிடைக்கற மாடல்னா வாங்குங்க, கிடைக்கலன்னா ஓசியா குடுத்தாலும் வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகவா?

வேண்டாம். இங்க வாங்கினதுல ஐரோப்பா மேப்தான் முழுசா இருக்கும், இந்தியாவுக்குத் தனியா வாங்கிப் போடணும். மதுரைல நாலு நாள் சுத்தறதுக்கு அது கட்டுபடியாகாது, அங்க போன்ல பாத்துக்கோங்க.

பழையதை என்ன பண்றது, வித்துடலாமா?

விக்கலாம், ஆனா அழிச்சுட்டு வில்லுங்க. சேவ் பண்ண இடம், சமீபத்துல போன இடம், ஹோம், மூணையும் பாத்து, கடைசியில ஃபேக்டரி ரீசெட் போட்டு, உங்க அக்கவுண்ட்ல இருந்தும் அந்தப் பெட்டியை எடுத்துடுங்க. என் பெட்டியில இருந்தது தனியா படுத்த படுக்கையா இருக்கற முதியவங்க வீட்டு விலாசம், அதுல சிலதுக்குப் பேரோட கதவுச் சாவிப் பொட்டி நம்பரையும் சேத்து வச்சிருந்தேன். அப்படி வைக்கவே கூடாதுன்னு அன்னைக்கு உக்காந்து அழிக்கும்போதுதான் உறைச்சுது. ஒண்ணொண்ணா அழிச்சு, ரீசெட் போட்டு, திரும்ப ஆன் பண்ணிப் பாத்து, ஒண்ணும் இல்லன்னு உறுதியானதுக்கு அப்புறம்தான் குடுத்தேன். புதுசுல விலாசம் மட்டும்தான் இருக்கு. ஹோம்னு வச்சிருக்கறதும் என் வீடு இல்ல, தெருமுனையில இருக்கற பெட்ரோல் பங்க்.